நுரையைக் கழுவத் தண்ணீர்

கனடாவிலிருந்து தங்கை எனக்கு முகம் கழுவும் திரவம் ஒன்று அனுப்பியிருந்தாள். தேங்காயிலிருந்தும் சீனியிலிருந்தும் எடுத்த பொருளாம். "அக்கா, இது கைப்பிள்ளைக்கும் போடலாம், ஒண்டும் செய்யாது" என்றாள் தொலைபேசியில்.

புளியங்கூடலில் எங்கள் கிணறு உவர். சவர்க்காரம் போட்டால் நுரைக்காது. திரிந்த பால்போலத் தோலில் ஒட்டும். இந்தத் திரவமோ அந்தத் தண்ணீரிலும் பொங்கிப் பொங்கி நுரைத்தது. என் கிணற்றடியில் நுரையைக் கண்ட சந்தோசத்தில் அள்ளி அள்ளிப் பூசினேன்.

குளிப்பது உவர்த் தண்ணீரில் என்றாலும், முகத்தைக் கடைசியில் நல்ல தண்ணீரால் அலம்புவது எங்கள் வழக்கம்; உவர் முகத்தில் காய்ந்தால் தோல் வறண்டு இழுக்கும். அந்தக் கோடையில் பவுசர் லொறி கொண்டுவந்த நல்ல தண்ணீர் குடிக்கவே காணாது. அதனால் நுரையை ஈரத் துணியால் துடைத்துவிட்டேன். மென்மையான சாமான்தானே, கொஞ்சம் முகத்தில் கிடந்தால் என்ன?

சில நாட்களில் கன்னம் சிவந்து, தடித்து, எரிந்தது. தங்கையிடம் சொன்னேன். "அப்ப உங்கட தோலிலதான் ஏதோ பிழை" என்றாள். அவளுடைய தோலும் இதே கிணற்றில் வளர்ந்ததுதான். கனடாக் குழாய் அதை மறக்கடித்துவிட்டது.

பஸ் ஏறி யாழ்ப்பாணத்தில் தோல் வைத்தியரிடம் போனேன். துணியால் துடைத்ததையும் சொன்னேன். அவர் முகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மூலையிலிருந்த குழாயில் கை கழுவப் போனார்.

"சாமானில பிழையில்லை. எவ்வளவு மென்மையெண்டாலும் தோலில விடக்கூடாது. நிறையத் தண்ணி விட்டு நல்லாக் கழுவோணும்."

சொல்லி முடித்து, கை துடைத்து, கதிரையில் வந்து இருந்தார். அவருக்குப் பின்னால் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. நான் எழுந்துபோய்ப் பூட்டினேன்.