கேளம்பாக்கத்துக்குப் பத்துக் காலைகள்

சாலையில் நெரிசல் வந்தால் உங்களுக்குத் தலைவலி, எங்களுக்குச் சம்பளம். சிறுசேரியில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் உட்கார்ந்து, கணினிக்குள் பொம்மை வண்டிகளை ஓட்டி, சிக்னலை மாற்றினால் என்ன ஆகும் என்று சொல்வது என் வேலை. சென்னை ஓ.எம்.ஆர் சாலையில் தினமும் வதைபடும் மக்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் அதே பஸ்ஸில்தான் வருகிறேன்.

ராசியான எண்

வண்டிகளை ஓடவிட முதலில் ஓர் எண் கொடுக்க வேண்டும். விதை என்ற பொருளில் 'சீட்' என்போம். அதே எண்ணைக் கொடுத்தால் அதே வண்டிகள் அதே நொடியில் வரும். மாற்றினால் வேறொரு காலை. எங்கள் டீம் லீட் பிரபு எல்லா வேலைக்கும் தன் மகள் பிறந்த தேதியையே கொடுப்பார்.

கேளம்பாக்கம் சந்திப்பில் நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு நேரத்தைப் பாதியாக்கலாமா என்று பார்க்கச் சொல்லிப் போக்குவரத்துத் துறையினர் கேட்டிருந்தார்கள். மகள் தேதியில் ஓட்டினோம், ஒரு சிக்கலும் இல்லை. வேறு எண்ணும் போட்டுப் பார்ப்போமே என்றேன். "வாணாம்பா, எம் பொண்ணு நம்பரு ராசி. இதுவரிக்கும் ஒரு ரிப்போர்ட்டும் திரும்பி வந்ததில்ல."

அதே பஸ்

அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கும் செல்வி அக்காவுக்கு முழங்கால் வலி. கேளம்பாக்கத்தில் பஸ் இறங்கி வீட்டுக்குப் போக அந்தச் சந்திப்பைத்தான் தினமும் கடக்கிறார். அவர் ஊராயிற்றே என்று திரையைக் காட்டினேன். மறுநாளும் துடைப்பத்தோடு வந்து நின்று பார்த்தார். "இன்னா தம்பி, நேத்து நின்ன பஸ்சு இன்னிக்கும் அங்கியே நிக்கிது? எங்கூர்ல ஒரு நாளு மாதிரி இன்னொரு நாளு கீதா?"

நடு ரோடு

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே பத்து எண்களில் ஓட்டினேன். அதில் ஏழு முறை, நடப்பவர்கள் பாதிச் சாலையில் மாட்டிக்கொண்டார்கள்.

ரிப்போர்ட் மறுநாள் போக வேண்டும். பிரபு கத்தினார். திரையில் நடு ரோட்டில் நின்ற ஒரு புள்ளியைக் காட்டி, "இது நம்ம செல்வி அக்கா" என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "ரிப்போர்ட்ல பத்தையும் போடுபா. திட்டு நான் வாங்கிக்கறேன்."

பச்சை விளக்கு

ரிப்போர்ட்டைப் பார்த்தவர்கள் பச்சை விளக்கு நேரத்தைக் குறைக்கவில்லை. ஒரு மாலை அக்காவோடு அங்கே இறங்கினேன். பச்சை விழுந்ததும் பெருமையாக முதல் ஆளாகக் காலை எடுத்து வைத்தேன். சிக்னலை மதிக்காத ஒரு ஷேர் ஆட்டோ என்னை உரசிக்கொண்டு போனது. அக்கா மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். "கையப் புடிச்சிக்க தம்பி, இது உன் கம்ப்யூட்டரு இல்ல."

பத்துக் காலைகளை அலசி ஆராய்ந்து 'நேரத்தைக் குறைக்காமல் இருப்பதே பாதுகாப்பு' என்று எழுதிக் கொடுத்த நிபுணர், அந்த ஒரு மாலையில் அக்கா கையைப் பிடித்துக்கொண்டுதான் ரோட்டைக் கடந்தார்.