கேட்காமல் அழித்த கோப்புகள்

கணினி விஷயத்தில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பல்கலைக்கழக வளாகத்தில் இரண்டாம் வருடம் படிக்கும்போதே, வீட்டில் என் முன்னால் ஃபோனை எடுக்க எல்லாருக்கும் பயம். எந்த ஆப் எதைத் திருடுகிறது என்று தொடங்கினேன் என்றால் சோறு ஆறும்வரை நிறுத்தமாட்டேன். மடிக்கணினியின் கமராவை மறைக்க அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டி வைத்திருந்தேன். "கொம்பியூட்டருக்குப் பூப்புனித நீராட்டு விழாவோ?" என்று அம்மா கேட்டார். சிரிக்கட்டும், எனக்கென்ன. நான் சொல்வது சரி என்பதில் எனக்குக் கடுகளவும் சந்தேகம் இருக்கவில்லை.

சித்தியின் கடை திருகோணமலை டவுனில், ஜெட்டிக்குப் போகும் வழியில் இருக்கிறது. போட்டோக்கொப்பி, ஸ்கேன், ஒன்லைன் விண்ணப்பம், ஃபோனுக்கு ரீலோட் எல்லாம் அங்கே நடக்கும். விரிவுரை இல்லாத நாட்களில் நான் போய் நிற்பேன். அந்தக் கடைக் கணினியின் திரையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊராரின் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு எல்லாம் திரை முழுக்கச் சிதறிக் கிடக்கும். விண்ணப்பம் நிரப்ப வந்து கதிரையில் இருக்கிற எவரும் மவுசை ஒரு தட்டுத் தட்டினால் போதும். சீனன்குடாவில் விமானப்படை முகாம் வாசலில் ஃபோனை ஒப்படைத்துவிட்டு வேலைக்குப் போகிற ஒரு மனிதர், தன்னுடைய சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கையை இங்கே எல்லாரும் பார்க்க விட்டுவிட்டுப் போயிருந்தார்.

"இதையெல்லாம் ஏன் வைச்சிருக்கிறீங்கள் சித்தி?"

"சனந்தான் அழிக்க வேண்டாமெண்டு சொல்லுதுகள். கிடக்கட்டுமே, சோறா கேக்குது?"

நான் அதை அறியாமை என்று எடுத்துக்கொண்டேன். ஒரு வெள்ளிக்கிழமை சித்தி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து வேலையைத் தொடங்கினேன். சும்மா அழிக்கவில்லை. அழித்த இடத்தின்மேல் திரும்பத் திரும்பக் குப்பையை எழுதி, எந்த நிபுணராலும் மீட்க ஏலாதபடி செய்கிற மென்பொருள் ஒன்று என்னிடம் இருந்தது. அதை ஓடவிட்டேன். திரை துடைத்தெடுத்த மாதிரி வந்தது. திரும்பி வந்த சித்தி திகைத்துப்போய் நிற்க, அவருக்கு நான் தனியுரிமை பற்றி ஒரு பிரசங்கமே வைத்தேன். அவர் கோயில் விபூதியை என் நெற்றியில் பூசிவிட்டு உள்ளே போனார்.

மூன்று கிழமை கழித்து, சம்பூரிலிருந்து பஸ் பிடித்து ஓர் அம்மா வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். டவுனில் ஆடுமாடு மாதிரித் திரிகிற மான்களில் ஒன்று வாசலில் அட்டைப்பெட்டியைச் சப்பிக்கொண்டு நின்றது; அதை விலக்கிவிட்டு நேரே மேசைக்கு வந்தார்.

"பிள்ளை, என்ர காணிப் பெர்மிட் உங்கட கொம்பியூட்டரில கிடக்கு. ஒரு கொப்பி எடுத்துத் தாங்கோ. நாளைக்குக் காணிக் கந்தோர் ஆக்கள் எங்கட ஊருக்கு நடமாடும் சேவைக்கு வருகினம். பக்கத்துக் காணிக்காரர் வேலியை எங்கட பக்கம் தள்ளிப் போட்டிட்டார். பெர்மிட்டைக் காட்டினாத்தான் அளந்து தருவினம்."

"ஒறிஜினல் எங்க அம்மா?"

"கறையான் திண்டிட்டுது. அதுக்குத்தானே இஞ்ச போட்டு வைச்சனான்."

அப்போதுதான் சித்தி சொன்னது விளங்கியது. போரில் இடம்பெயர்ந்து ஓடிய சனம் அது. கடதாசிகளை ஒரு சொப்பிங் பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முகாம் முகாமாகத் திரிந்தவர்கள். வீட்டில் மட்டும் ஒரு பொருளை வைத்திருப்பது அவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் சித்தியின் கணினியில் ஒன்று, சொந்தக்காரர் வீட்டில் ஒன்று என்று பிரித்து வைக்கிறார்கள். காப்புப் பிரதி என்று நாங்கள் வகுப்பில் படிக்கிற பாடத்தை இவர்கள் ஓடி ஓடியே பழகியிருக்கிறார்கள். நான் குப்பை என்று துடைத்தது அதைத்தான்.

சித்தி என்னைக் காப்பாற்றப் பார்த்தார். "அக்கா, கொம்பியூட்டருக்கு வைரஸ் வந்து…"

"இல்லை அம்மா," என்றேன். "நான்தான் அழிச்சனான். எல்லாரும் பாக்கக்கூடாது எண்டு அழிச்சனான்."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "என்ர கடதாசியெல்லோ? என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே பிள்ளை," என்றார். சொல்லிவிட்டு அப்படியே சுவரோரத்து மர வாங்கில் இருந்துவிட்டார். வெட்கத்தில் என் காது சுட்டது. தனியுரிமை, தனியுரிமை என்று ஊருக்கெல்லாம் உபதேசித்தவள் நான். கேட்காமல் கை வைத்தவளும் நான்தான்.

ஆனால் வாங்கில் இருந்து அழுகிற ஆள் நான் இல்லை. கணினியில் தேடிப் பயனில்லை என்று எனக்குத் தெரியும். என் வேலை அவ்வளவு சுத்தம். எங்கே ஸ்கேன் எடுத்தார், எதில் எடுத்தார் என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். கடையின் பெரிய போட்டோக்கொப்பி மெசினில் எடுத்தார். கொழும்பிலிருந்து பழசாக வாங்கிய மெசின். அதற்குள்ளும் ஒரு ஹாட் டிஸ்க் இருக்குமே! கணினி படிக்கிறவள், தினமும் முழங்கை ஊன்றி நிற்கிற மெசினும் ஒரு கணினிதான் என்பதை மறந்துபோயிருக்கிறேன்.

"எப்ப அம்மா ஸ்கேன் எடுத்தனீங்கள்?"

"சித்திரை வருசத்துக்கு முதல் கிழமை."

நான் ஒருநாளும் திறக்காத மெனு ஒன்றைத் திறந்தேன். ஸ்கேன் எடுத்ததெல்லாம் தேதி வாரியாக உள்ளேயே கிடந்தது. யாரோ பழைய சொந்தக்காரர் அப்படி அமைத்து வைத்திருக்க வேண்டும். இதைவிடப் பெரிய ஓட்டை கடையிலேயே இல்லை. வேறு நாளாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பேன். அன்றைக்கு அந்த ஓட்டையைக் கும்பிட்டேன். சித்திரையிலிருந்து பின்னோக்கிப் போனேன். மடிப்புக் கோடுகளோடும் மூலையில் தேத்தண்ணிக் கறையோடும் பெர்மிட் வந்தது. இலக்கமும் முத்திரையும் தெளிவாக இருந்தன. அவர் கடதாசியைச் சூடு ஆறுமுன்னமே வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த நாள் பின்னேரம் திரும்பவும் வந்தார். அந்த இலக்கத்தை வைத்துப் பதிவேட்டில் கண்டுபிடித்துவிட்டார்களாம்; அளக்க நாள் குறித்திருக்கிறார்களாம். சொல்லிவிட்டு ஒரு சொப்பிங் பையை மேசையில் வைத்தார். உள்ளே வீட்டுக் கடதாசி முழுவதும் இருந்தது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், இடம்பெயர்ந்த காலத்தில் காணாமல் போன கணவரின் அடையாள அட்டை.

"இதையும் போட்டு வையுங்கோ."

"நான் செய்த வேலைக்குப் பிறகுமோ அம்மா?"

"இனிக் கேக்காம அழிக்கமாட்டீங்கள்தானே," என்றார்.

எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி, பூட்டுப் போட்ட போல்டர் ஒன்றில் வைத்தேன். ஒரு பென்ட்ரைவிலும் போட்டேன். மெசினுக்குள் கிடந்த அவருடைய பிரதிகளை என்ன செய்ய என்று கேட்டேன். இந்த முறை அழிக்கச் சொன்னார், அழித்தேன். பிறகு கீபோட்டை அவர் பக்கம் திருப்பினேன்.

"பாஸ்வேர்டை நீங்களே அடியுங்கோ. எனக்கும் தெரியக்கூடாது. மறந்தீங்களெண்டா என்னாலயும் திறக்க ஏலாது."

"மறக்கிறதோ?" என்றார்.

நான் முறைப்படி முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவர் ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அடித்தார். நடுவில் ஒரு தரம் நின்று, மூக்கை உறிஞ்சிவிட்டு மிச்சத்தையும் அடித்து முடித்தார். எனக்கு ஒவ்வோர் எழுத்தும் கேட்டது. அது ஒரு பெயர். அதை நான் யாருக்கும் சொன்னதில்லை, இங்கேயும் எழுதப் போவதில்லை.