உண்ணிக் காய்ச்சலும் தேசிக்காய் மாலையும்

நோயாளி வாயைத் திறக்க மாட்டார், கூட வந்தவர் வாயை மூட மாட்டார். மிருக வைத்தியத் தொழிலை இதற்குமேல் சுருக்கிச் சொல்ல எனக்குத் தெரியாது. வீட்டில் நாயோ பூனையோ வளர்த்து, அது ஒருநாள் சோறு தின்னவில்லை என்றதும் தாங்களும் தின்னாமல் கிடந்தவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவார்கள். மற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

நான் மாத்தளையில் அரசாங்க மிருக வைத்தியராக இருந்த காலம் நல்ல காலம் அல்ல. கலவரத்தில் டவுனில் தமிழர் கடைகள் எரிந்த பிறகு என் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு திருச்சியில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். வேலையை ஒழுங்கு பண்ணிக்கொண்டு பின்னாலேயே வருகிறேன் என்று நான் சொன்னேன். மகளின் நாய் டிங்கிரியைக் கொண்டுபோக வழியில்லை. சிங்களத்தில் டிங்கிரி என்றால் கொஞ்சூண்டு, நாயும் கொஞ்சூண்டுதான். வாசல் கேற்றைப் பிடித்துக்கொண்டு, "டிங்கிரிய நல்லாப் பாத்துக்குங்கப்பா, நான் வந்து கேப்பேன்" என்று மகள் அழுதாள். பக்கத்து வீட்டு ராத்தா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பின்னாலேயே போவதாகச் சொன்ன நான் போகவில்லை. முதலில் லீவு கிடைக்கவில்லை, பிறகு அக்கரைக்குப் போகிற கப்பல் நின்றது, அதற்குப் பிறகு காரணம் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஒரு சுண்டு அரிசி போட்டு எனக்கும் நாய்க்குமாக வடித்துக்கொண்டு அந்த வீட்டிலேயே இருந்தேன்.

துருப்பிடிக்காத மருந்து

யட்டவத்தையிலிருந்து ஒரு லொறி டிரைவர் தன் நாயைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். சாக்கைப் பிரித்ததும் மேசை, என் சட்டை, நான் எல்லாமே கறுப்பு. நாய்க்குச் சொறி என்று லொறியிலிருந்து வடித்த பழைய ஒயிலைத் தலையிலிருந்து வால்வரை பூசியிருந்தார். இந்த வைத்தியம் நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். பூசியதை நாய் நக்கும், நக்கியது ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், சொறி மட்டும் சௌக்கியமாக இருக்கும்.

சவர்க்காரம் போட்டு நானும் அவரும் சேர்ந்து கழுவினோம். தோலைச் சுரண்டி நுண்ணோக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்து, அதில் ஊர்கிற பூச்சியை அவரையே பார்க்க வைத்தேன். கொஞ்சம் கோபமாகவே பேசினேன் என்று நினைக்கிறேன்; தனியாக இருப்பவனுக்குக் கோபப்படக்கூட ஆள் தேவைப்படுகிறது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கையைத் துடைத்தபடி அவர் சொன்னார்:

"இந்த ஒயில்தான் சேர் எப்பவும் என் லொறிக்கு அடியில பூசுறேன், இன்னைக்கு வரைக்கும் ஒரு பொட்டுத் துரு கெடையாது."

இரண்டு வைத்தியம்

பக்கத்து வீட்டு ராத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முஸ்லிம் வீடுகளில் 'ராத்தா' என்றால் அக்கா. தெருவில் எல்லாருக்கும் அவர் ராத்தாதான். கணவர் மிளகு, கராம்பு யாவாரி. வீடு நிறையப் பூனை. நாய் என்றால் மட்டும் ஆகாது. ஈரமான நாய் பட்டுவிட்டால் மார்க்க முறைப்படி மண்ணும் தண்ணீரும் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். அதனால் டிங்கிரி வாலை ஆட்டிக்கொண்டு வேலியோரம் போனால் அவர் உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். டிங்கிரிக்கு அது விளங்கவே இல்லை. மகள் போன பிறகு அதுவும் ஆள் தேடி அலைந்தது.

ஒருநாள் ராத்தா தும்முகிற பூனை ஒன்றைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார். கண்ணில் பீளை, மூக்கில் சளி. பூனைகளுக்கு வருகிற வழக்கமான தடிமன்தான். கழுத்தில், நாங்கள் தேசிக்காய் என்கிற எலுமிச்சையைப் பாதி பாதியாக வெட்டி நூலில் கோத்து மாலையாகப் போட்டிருந்தார். புளிப்பு வாசம் பட்டால் சளி இறங்குமாம். நான் கத்தரிக்கோலை எடுத்து மாலையை வெட்டிக் குப்பையில் போட்டேன். கண்ணுக்குத் துளி மருந்தும், சளிக்கு மாத்திரையும், வெந்நீர் ஆவியும் சொன்னேன். ராத்தா குனிந்து குப்பைக் கூடையிலிருந்து மாலையை எடுத்து, அறுந்த இடத்தை முடிந்து, பூனையின் கழுத்தில் திரும்பவும் மாட்டினார்.

"ஒங்கட மருந்தும் இருக்கட்டும் டொக்டர், இதுவும் இருக்கட்டும், எது கேட்டதுன்னு பூன வந்து சாட்சி சொல்லவா போவுது?"

இருவருக்கு ஒரு மருந்து

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து ஒரு அம்மா வெள்ளை நாய் ஒன்றைக் கயிற்றில் கட்டி நடத்திக்கொண்டு வந்தார். நாய் நாலைந்து நாளாக ஒன்றும் தின்னவில்லை. காய்ச்சல் பார்த்தேன், இல்லை. ஈறு நல்ல சிவப்பு. வயிற்றை அமுக்கினேன், பல்லைப் பார்த்தேன், தொண்டையில் எலும்பு ஏதும் சிக்கியிருக்கிறதா என்று விரலை விட்டும் பார்த்தேன். நோய் என்று ஒன்றும் அகப்படவில்லை. வீட்டில் ஏதாவது மாற்றமா என்று கேட்டேன். மகன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போயிருக்கிறான், அங்கே தமிழ்ப் பிள்ளைகளைப் பொலிஸ் பிடிக்கிறதாம், போனவனிடமிருந்து தகவல் இல்லை என்றார். நாய் லயத்து வாசலை விட்டு நகர்வதில்லையாம்.

இதற்கு எந்த மருந்தை எழுதுவது? சத்து மருந்து ஒரு போத்தலைக் கையில் கொடுத்து, மகனின் பழைய சட்டை இருந்தால் நாய்க்குக் கீழே விரித்துப் பாருங்கள் என்றேன். அதை நான் படித்துச் சொல்லவில்லை. என் வீட்டில் மகளின் பள்ளிக்கூடச் சட்டைமேல்தான் டிங்கிரி படுத்திருந்தது. அந்த அம்மா போத்தலை வெளிச்சத்தில் பிடித்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்.

"அது திங்காம எனக்கும் எறங்க மாட்டேங்குதுங்கய்யா, இதுல நானும் ஒரு கரண்டி குடிக்கலாமுங்களா?"

யானைக் காவல்

டிங்கிரிக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. நாய் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: காய்ச்சல், சோர்வு, ஈறு வெளுத்துக் கடதாசி நிறமாவது, மூத்திரம் கோப்பி நிறத்தில் போவது. ஒரு சின்ன உண்ணி ஒரு நாயின் இரத்தத்தையே குடித்துத் தீர்க்கும். ஊசி போட்டேன். மிச்சம் எல்லாம் பக்கத்தில் இருந்து கஞ்சியும் தண்ணீரும் ஊட்டுவதுதான். மறுநாள் விடிந்ததும் லக்கலைப் பக்கம் வெறிபிடித்த விசர்நாய் என்று சந்தேகம், உடனே போ என்று கந்தோரில் பெரியவரின் உத்தரவு. பொழுது சாயுமுன் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். ஒரு சட்டியில் கஞ்சியும் ஒரு சட்டியில் தண்ணீரும் வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். ராத்தாவிடம் சொல்லவில்லை. நாயைத் தொடாதவரிடம் நாயைப் பார்க்கச் சொல்வது எப்படி?

லக்கலைப் பக்கத்துப் பல்லேகமையில் இறங்கிப் பார்த்தால் விசர் இல்லை. காட்டை வெட்டிப் பயிரிட்ட சேனைக்குக் காவலாக இருந்த நாயைப் பன்றி கிழித்திருந்தது. வலியில் அது கண்டதையெல்லாம் கடித்திருக்கிறது. வாயைக் கட்டி, ஒரு மர வாங்குப் பலகையில் கிடத்தி, காயத்தைக் கழுவித் தைத்தேன். தைத்து முடிக்கும்போது செய்தி வந்தது, பஸ் ஓடக் கூடாது என்று கிளர்ச்சிக்காரர்கள் சுவர்களில் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள், ஊரடங்கும் போட்டாயிற்று என்று. அந்த நாயின் சொந்தக்காரர் வீட்டிலேயே தங்கினேன். மனைவி செத்து ஒற்றையாக இருந்த மனிதர். குரக்கன் மாவில், அதாவது கேழ்வரகில், ரொட்டி சுட்டுக் கொடுத்தார். எனக்கு இறங்கவில்லை. டிங்கிரியின் வெளுத்த ஈறும் மகள் கேற்றடியில் நின்றதுமே மாறி மாறிக் கண்ணுக்குள் வந்தன. சில நாள் கழித்துப் பாதை திறந்து நான் புறப்பட்ட அன்று, பிழைத்துவிட்ட தன் நாயின் தலையைத் தடவிக்கொண்டு அவர் சிங்களத்தில் சொன்னார்:

"யானை வருதுன்னு என்னை எழுப்ப இந்த வீட்டுல வேற யாரும் இல்ல மாத்தயா."

கழுவினால் போகும்

மாத்தளை வந்து சேரும்வரை நான் கணக்குப் போட்டது ஒன்றே ஒன்றுதான்: எங்கே குழி தோண்டுவது, திருச்சிக்கு என்ன சொல்வது. கேற்றைத் திறந்தபோது சத்தம் இல்லை. வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். குசினிப் படியில், பள்ளிக்கூடச் சட்டைமேல், டிங்கிரி படுத்திருந்தது. கழுத்தில் தேசிக்காய் மாலை. என்னைக் கண்டதும் எழும்ப முடியாமல் வாலை மட்டும் தரையில் அடித்தது. ஈறைத் தூக்கிப் பார்த்தேன். சிவக்கத் தொடங்கியிருந்தது. நான் படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். பார்க்க யாருமில்லை என்றுதான் அழுதேன். ஆனால் ராத்தா கஞ்சிச் சிரட்டையோடு வேலியில் நின்றிருந்தார்.

நான் போன அன்று மாலை நாய் முனகுவது கேட்டதாம். முதலில் ஒரு கம்பால் சட்டியைத் தள்ளிப் பார்த்தாராம். அது தலையைத் தூக்கவில்லை. வேலியைப் பிரித்துக்கொண்டு வந்து, தலையை மடியில் எடுத்து, வாயைத் திறந்து ஊட்டியிருக்கிறார், நான் வரும்வரை வேளாவேளைக்கு. தொட்டதுதான் தொட்டாயிற்று என்று மாலையையும் கட்டினாராம். கிணற்றடியில் கழுவுவதற்கென்று மண் குவித்து வைத்திருந்தார். உங்களுக்கு ஆகாதே ராத்தா என்று மட்டும் கேட்டேன். அவர் சிரட்டையை என் கையில் தந்தார்.

"கையக் கழுவினாப் போவும் டொக்டர், புள்ள வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்லுற?"

ஊசி போட்டது நான், பெயர் வாங்கியது தேசிக்காய் என்றாலும், பிரித்த அந்த வேலியை நாங்கள் இரண்டு பேருமே திரும்பக் கட்டவில்லை.