சுவரில் ஏறிய பெயர்

சித்திரை வருடப்பிறப்பில், தேங்காயால் தேங்காயை அடித்து உடைக்கிற போர்த்தேங்காயில் ஊர் இளந்தாரிகளை வென்றாள். பங்குக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் காலை முறையை, கோட்டுக்கும் போகாமல் அப்புக்காத்தும் பிடிக்காமல் வென்றாள். கோப்பாய்ச் சந்தியில் இரண்டு சாப்பாட்டுக் கடைகளை மெசின் இடியப்பத்திடமிருந்து வென்றாள். கணவர் தில்லைநாதனை அவருடைய அக்கா பத்மாவதியிடமிருந்து வென்றாள். மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் கூடுதலான காலம் எடுத்தது. சிவகௌரியைப் பற்றி யார் விசாரித்தாலும் தமக்கை மகாதேவி இந்த ஒழுங்கில்தான் சொல்வாள். இடையில் யாராவது குறுக்கிட்டால் போர்த்தேங்காயிலிருந்து மறுபடி தொடங்குவாள்.

சிவகௌரி பக்கத்தில்தான் இருப்பாள். அவள் இடியப்பம் பிழிந்துகொண்டிருப்பாள். மற்றப் பெண்கள் கொதிநீர் விட்ட மாவை அகப்பைக் காம்பால் குழைப்பார்கள். சிவகௌரி வெறுங்கையால் குழைப்பாள். "அகப்பைக்கு மா இறுகினது தெரியுமோ?" என்பாள். பிறகு இடியப்ப உரலின் மேற்கட்டையில் நெஞ்சைச் சாய்த்து முழு உடம்பையும் இறக்குவாள். தட்டில் நூல் அறாமல் சுற்றிச் சுற்றி விழும். "கை பிடிக்கிறதுக்குத்தான். பிழியிறது நெஞ்சு."

எவர் சுகம் விசாரித்தாலும் அவளிடம் ஒரே ஒரு பதில்தான் உண்டு. "என்ன கௌரி, எப்பிடி?" "கிடக்குது." மழைக்கும் அதுதான், வெயிலுக்கும் அதுதான், கடைக்காரர் காசு தராமல் இழுத்தடித்த மாதத்துக்கும் அதுதான்.

எழுதத் தெரியாது. சங்கத்திலும் வங்கியிலும் பெருவிரலைத்தான் வைப்பாள். மகாதேவி ஆறாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். இளையவளின் முறை வந்தபோது பள்ளிக்கூடத்தில் அகதிகள் இருந்தார்கள். அடுத்த வருடம் இவர்களே அகதிகளாகி இன்னொரு பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். "பள்ளிக்கூடத்திலைதான் இருந்தனான்," என்பாள் சிவகௌரி. "பிள்ளையள் இருந்து படிக்கிற வாங்கிலைதான் படுத்தனான்."

மகாதேவி தையற்காரி. உடம்புகளை அளவுகளாகத்தான் நினைவில் வைத்திருப்பாள். பொங்கலுக்குச் சட்டை தைக்கத் தங்கையை அளந்தபோது வலது பக்கம் நாடா ஒரு நூலளவு கூடுதலாகக் கேட்டது. மறுபடி அளந்தாள். மூன்றாம் தரம் அளக்கக் கிட்டப் போனபோது சிவகௌரி ஓரடி பின்னால் தள்ளி நின்றாள்.

"எவ்வளவு நாளாய்?" என்றாள் மகாதேவி.

"உரல்கட்டை முட்டேக்கை நோகுது. கட்டையிலைதான் பிழை எண்டு நினைச்சன்."

"கட்டையை மாத்தினனியோ?"

"மாத்திப் பாத்தன். நோ மாறேல்லை."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஆசுபத்திரிக்காரர்களின் ஒழுங்கில் நடந்தது. ஊசியால் குத்திச் சதை எடுத்தார்கள், அதைக் கொழும்புக்கு அனுப்பினார்கள், கூப்பிட்டு இருத்திச் சொன்னார்கள். வலது மார்பை முழுதாக எடுக்கவேண்டும், பிறகு மருந்தேற்ற வேண்டும், அதன் பிறகு கதிர் அடிக்கவேண்டும். தில்லைநாதன் கேட்டுக்கொண்டேயிருந்துவிட்டு வெளியே போய், சைக்கிளுக்குக் காற்றடித்தார். சைக்கிளில் காற்று இருந்தது.

ஒப்பரேசனுக்குத் திகதி கொடுத்தார்கள். பத்மாவதி பஞ்சாங்கத்தோடு வந்தாள்.

"அண்டைக்கு அட்டமி. செவ்வாய்க்கிழமை வேறை. நான் சாத்திரியாரிட்டைக் கேட்டனான், பத்து நாள் பிந்தட்டாம்."

சிவகௌரி மா அரித்துக்கொண்டிருந்தாள். "கட்டியும் பஞ்சாங்கம் பாத்தோ மச்சாள் வந்தது?"

"நல்லதுக்குத்தானே சொல்லுறன்."

"பாவம், அது நாள் பாக்காமல் வந்திட்டுது. நாள் பாக்காமல் போகட்டும்."

போவதற்கு முன் அவள் ஆயத்தம் செய்தது மாவைத்தான். அரிசி இடித்து, வறுத்து, அரித்து, தகரப்பேணிகளில் அடைத்து வைத்தாள். எந்தப் பேணி புட்டுக்கு, எந்தப் பேணி இடியப்பத்துக்கு என்று தில்லைநாதனுக்கு மூடியைத் திறந்து காட்டினாள். அவர் தலையாட்டினார். அவள் ஆசுபத்திரியில் இருந்த நாட்கள் முழுவதும் அவர் பேக்கரிப் பாணைத்தான் தின்றார்.

வாட்டில் சம்மதத் தாளைக் கொண்டுவந்தார்கள். தாதி மைப்பெட்டியைத் திறந்து சிவகௌரியின் பெருவிரலைப் பிடித்து ஒற்றினாள். தாளில் ஒரு நீலப் பொட்டுத்தான் விழுந்தது. மறுபடி ஒற்றியும் பொட்டுத்தான். சுடுமாவைக் குழைத்துக் குழைத்து விரலில் ரேகை தேய்ந்துபோயிருந்தது.

"இது விரலோ அம்மா, கரண்டியோ? ஒரு கோடும் விழுதில்லை."

தில்லைநாதன் முன்னால் வந்தார். "இஞ்சாரும், நான் வைக்கட்டே கையெழுத்து?"

"வெட்டப்போறது உங்களையோ?"

அவர் பின்னால் போனார். மகாதேவி பேனாவைத் திறக்க இருந்தவள், மூடிப் பைக்குள் வைத்தாள். தாதி அந்தப் பொட்டைச் சுற்றி வட்டம் போட்டு, இது இன்னாருடைய விரல் என்று பக்கத்தில் எழுதினாள். சிவகௌரி அந்த எழுத்தை நெடுநேரம் பார்த்தாள். "இதிலை எது நான்?" என்று கேட்டாள். தாதி பொட்டைத் தொட்டுக் காட்டினாள்.

ஒப்பரேசன் முடிந்து கண் விழித்தபோது பக்கத்தில் மகாதேவி இருந்தாள். நெஞ்சில் கட்டு, கட்டுக்குள்ளிருந்து ஒரு குழாய், குழாயின் நுனியில் ஒரு போத்தல்.

"எப்பிடி இருக்குது பிள்ளை?"

சிவகௌரி குனிந்து பார்க்க முயன்றாள். முடியவில்லை. இடது கையால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஒண்டு கிடக்குது."

வீட்டுக்கு வந்த பிறகு மருந்தேற்றும் காலம். போய் வந்த நாட்களில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். தலைமயிர் கொத்தாகக் கழன்றது. மகாதேவி கூட்டி அள்ளிக்கொண்டு அழுதாள். சிவகௌரி படுத்த இடத்திலிருந்து சொன்னாள்: "இனி என்ரை இடியப்பத்திலை மயிர் கிடந்ததெண்டு ஒரு கடைக்காரனும் சொல்லேலாது."

ஆனால் கை எழும்பவில்லை. வலது கை தோளளவுக்கு வந்து நின்றுவிடும். அதற்கு மேலே போனால் தோளுக்குக் கீழே கமக்கட்டுக்குள் யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல் இருந்தது. கிளினிக்கில் டொக்டர் விளக்கமாகச் சொன்னார். கதிர் அடிக்கும்போது வலது கையைத் தலைக்கு மேலே போட்டு அசையாமல் படுக்கவேண்டும். கை போகாவிட்டால் கதிரைச் சரியான இடத்தில் பிடிக்க முடியாது. நாள் பிந்தும். பிந்துவது நல்லதில்லை.

மகாதேவிக்கு விளங்கிய அளவில், தங்கையின் உயிர் இப்போது அவளுடைய முழங்கைக்கும் காதுக்கும் இடையில் எங்கோ நின்றது.

பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிள்ளையின் பெயர் பிரதீபா. நோயாளிகளைச் சுவரோடு நிற்கவைத்து விரல்களைச் சிலந்திபோல மேலே ஏற்றச் சொல்வாள். ஏறின பிறகு, எட்டின உயரத்தில் தங்கள் பெயரைப் பெரிதாக எழுதச் சொல்வாள்.

"எழுதத் தெரியாது பிள்ளை," என்றாள் சிவகௌரி.

"அப்ப கோலம் போடுங்கோ அன்ரி."

"கோலம் அக்காதான் போடுறவா."

பிரதீபா மகாதேவியைப் பார்த்தாள். மகாதேவி அன்றைக்கே வீட்டுக்குப் போய், தங்கையின் அறைச் சுவரில் நீலத் தையல் சோக்கால் அவள் பெயரை எழுதினாள். ஒவ்வொரு எழுத்தும் இடியப்பத் தட்டளவு. நெஞ்சு உயரத்தில் எழுதி, பக்கத்தில் சின்னதாகத் திகதியும் போட்டாள். தைக்கக் கொடுத்த துணிக்கும் அவள் அப்படித்தான் போடுவாள். சிவகௌரி அதன்மேல் விரலை ஓட்டவேண்டும்.

விரலை ஓட்டினாள், ஓட்டாமலும் விட்டாள். "நாளைக்குப் பாப்பம்" என்று பாயில் திரும்பிப் படுத்த நாட்கள்தான் கூட. கட்டாயப்படுத்தினால், "நீங்கள் வெட்டுப்பட்டுப் பாருங்கோ, பிறகு எழுதிப் பாருங்கோ," என்பாள். சுவரில் பெயர் ஏறாமல் நின்றது.

இதற்கிடையில் மகாதேவி இன்னொரு வேலையையும் எடுத்துச் செய்தாள். சட்டை ஒரு பக்கம் சரிந்து கிடப்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தையற்காரிக்கு அது பெரிய நோ. உள்ளே வைக்க இலவம்பஞ்சு அடைத்து ஒரு பொதி தைத்தாள். பஞ்சுக்குப் பாரம் இல்லை. கோயிலுக்குப் போகும் வழியில் அது நடக்க நடக்க மேலே ஏறி, வாசலில் செருப்பைக் கழற்றும்போது தோளில் இருந்தது. "கை ஏறாட்டியும் இது ஏறுது," என்றாள் சிவகௌரி.

பாரம் வேண்டும் என்று மகாதேவி யோசித்தாள். பாசிப்பயறு எடுத்தாள். கையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்து, அளவாக அடைத்து, வெள்ளைப் பருத்தித் துணியில் நுணுக்கமாகத் தையல் போட்டு மூடினாள். அருமையாக அமைந்தது. சிவகௌரி கண்ணாடி முன் நின்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். கடைக்காரர்களிடம் போய்த் தலையைக் காட்டிவிட்டும் வந்தாள். நல்ல வெயில். பொதி வியர்வையில் நனைந்துவிட்டது.

மகாதேவி சுத்தக்காரி. பொதியை வாளியில் ஊறவைத்தாள், சவர்க்காரம் படாமல் அலசினாள், பிழிந்தாள். வெயிலில் போட்டால் துணி மஞ்சளாகும், ஆண்கள் வந்துபோகிற முற்றத்தில் தொங்கவும் கூடாது என்று, குசினிக்குள் நிழலில் ஒரு ஆணியில் கட்டித் தொங்கவிட்டாள். ஊறவைத்து, துணியில் கட்டி, நிழலில் தொங்கவிடுவது. யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் பயறு முளைக்க வைக்கிற முறையும் இதுதான். அது அவளுக்கு அப்போது நினைவு வரவில்லை.

மறுநாளுக்கு மறுநாள் சிவகௌரி குசினிக்குள்ளிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா! ஓடியாங்கோ!"

மகாதேவி கையில் கத்தரிக்கோலோடு ஓடினாள். பொதி வீங்கிப்போய் ஆணியில் தொங்கியது. நுணுக்கமான தையலுக்குள்ளால் வெள்ளை முளைகள் வரிசையாக எட்டிப் பார்த்தன.

"அக்கா," என்றாள் சிவகௌரி, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல். "வெட்டினது திருப்பி முளைக்குது."

மகாதேவி அப்படியே குசினித் திண்ணைக் குந்தில் இருந்துவிட்டாள்.  அப்போது மேலேயிருந்து ஒரு சத்தம் வந்தது. தங்கை சிரித்தாள். ஒப்பரேசனுக்குப் பிறகு அவள் சிரித்து யாரும் கேட்டதில்லை. நெஞ்சு குலுங்கத் தழும்பு நோக, "ஐயோ, ஐயோ" என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை எழும்பியது. அது வலது கை. தாடையைத் தாண்டி, கன்னத்தைத் தாண்டிக் கண்ணுக்குப் போனது.

மகாதேவி அதைப் பார்த்தாள். எழும்பிப்போய்ச் சோக்கை எடுத்து, அறைச் சுவரில் கண் உயரத்தில் பெயரைப் புதிதாக எழுதினாள். திகதியும் போட்டாள். முளைப்பயறு கோழிகளுக்குப் போனது. அடுத்த பொதியை அவள் கழற்றித் தோய்க்கக்கூடிய உறையோடு தைத்தாள்.

அதன் பிறகு பெயர் சுவரில் ஏறத் தொடங்கியது. சிவகௌரி முனகிக்கொண்டேதான் விரலை ஓட்டினாள். முனகல் நின்றதும் மகாதேவி பழையதை அழிக்காமல் அதற்கு மேலே எழுதுவாள்.

"உங்கடை எழுத்து மேலை மேலை போகுது அக்கா."

"உன்ரை கை போகுது."

"எனக்கென்னவோ ஏமாத்திற மாதிரிக் கிடக்குது."

'கௌ'வில் நெடுநாள் சண்டை நடந்தது. "ஒரு எழுத்துக்கு மூண்டு துண்டு. இதை வெட்டி எடுக்கேலாதோ?" என்று கேட்டாள். 'ரி' இன்னும் மோசம். 'சி'யின் மேல்விலங்கு கை களைக்க முதலே முடிந்துவிடும்; இதன் தலைக்கு மேலே வளைகிற மேல்விலங்குக்குக் களைத்த கையை முழுதாக நீட்டவேண்டும். மற்ற எழுத்தெல்லாம் விரலுக்குள் வந்த பிறகும் அந்த வளைவு மட்டும் எட்டாமல் நின்றது. தில்லைநாதன் கதவடியில் நின்று பார்ப்பார். ஒரு நாள் தானும் உதவி செய்ய நினைத்து முக்காலி கொண்டுவந்து வைத்தார். இரண்டு பெண்களும் அவரைப் பார்த்தார்கள். முக்காலியைத் திருப்பிக் கொண்டுபோனார்.

சுவரில் பெயர் நாட்காட்டியையும் சாமிப் படத்தையும் தாண்டி, மகாதேவியே கால் பெருவிரலில் நின்று எழுதவேண்டிய உயரத்துக்குப் போனபோது, கிளினிக்கில் டொக்டர் சிவகௌரியின் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கதிர் அடிக்கிற பகுதிக்கு அனுப்பினார்.

அங்கேயும் சம்மதத் தாள் இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த தாதி, விபரக் கொப்பியில் பெருவிரல் என்று இருப்பதைப் பார்த்து, வழக்கம்போல மைப்பெட்டியைத் திறந்து முன்னால் தள்ளினாள்.

"விரலைத் தாங்கோ அம்மா."

சிவகௌரி மைப்பெட்டியின் மூடியை மூடி, அதைத் தாதியின் பக்கமே தள்ளிவிட்டாள். மகாதேவியின் கையிலிருந்து பேனாவை வாங்கினாள்.

அவளுக்குத் தன் பெயர் ஒரே ஒரு அளவில்தான் தெரியும். 'சி' கோட்டை நிரப்பியது. 'வ' பெட்டிக்கு வெளியே போனது. 'கௌ' டொக்டரின் பெயருக்கு மேலே ஏறிக் குந்தியது. "அம்மா, இடம் பத்தாது," என்றாள் தாதி. சிவகௌரி காதில் வாங்கவில்லை. தாளின் விளிம்பில் 'ர' முடிந்தது. மேல்விலங்குக்கு இடமில்லை. அவள் பேனாவைத் தாளிலிருந்து எடுத்து, வலது கையை நேராகத் தலைக்கு மேலே உயர்த்தி, மீதியைக் காற்றில் வளைத்து முடித்தாள்.

தாதி தாளையும் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, திகதியும் போடவேண்டும் என்றாள். அதை மகாதேவி போட்டாள்: 2024 செப்டெம்பர் 18, புதன்கிழமை.