அம்மன் தலையில் விழுந்த புள்ளிகள்

என் மூத்த பேரன் போர்ட் கிள்ளானில் கிரேன் ஓட்டுகிறான். அவன் தங்கை ரவாங்கில் நர்ஸ், போன மாதம்தான் பிரமோஷன் வந்தது. கடைக்குட்டி கவிதா போலீசில் கார்ப்பரல்.

அந்தக் கவிதாவுக்கு வகுப்பு எடுத்த லாசரஸ் சார் இன்று காலை ஆஸ்பத்திரியில் தவறிவிட்டார்...

எங்கே என்ன குற்றம் நடக்கிறது என்று மேப்பில் புள்ளி வைத்துப் பார்க்க, போலீஸ்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர். ரிட்டையர் ஆகியும் விடவில்லை.

என் நாத்தனாரின் பேக்கை பைக்கில் வந்தவன் பறித்தான். விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. அதன் பிறகு அவள் வாசலைத் தாண்டவே இல்லை.

பேட்ரோல் கார் கிள்ளானில் எங்கள் கோயில் வாசலிலேயே நின்றது. பறிப்பு மட்டும் நிற்கவில்லை.

கவிதாவைக் கேட்டால் மேப்பைக் காட்டுகிறாள். கோயில் மேல் முழுக்கச் சிவப்புப் புள்ளி... எனக்கு வந்த கோபத்தில் சாருக்கே போன் போடச் சொன்னேன்.

"சார், அம்மன் சன்னதியில எந்தத் திருடன் வந்து நிக்கிறான்?"

"ஆன்டி, எங்க நடந்துச்சுன்னு உங்க நாத்தனார் ரிப்போர்ட்ல என்ன சொன்னாங்க?"

"கோயில் பக்கத்துலன்னு."

"எல்லாரும் அதையேதான் சொல்லியிருக்கீங்க. கம்ப்யூட்டர் என்ன பண்ணும், எல்லாப் புள்ளியையும் அம்மன் தலையிலயே போட்டிருச்சு லா."

அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பையே கூட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தார். சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே பெண்களை விசாரித்தார்.

"கோயில் பக்கம்னா எந்தப் பக்கம்கா?"

"பூக்கடைகிட்ட." "ஏய், அங்க விழுந்தது நானு. நீ அதைத் தாண்டி." ஒரே சண்டை.

"சண்டை வேணாம், ஆளுக்கு ஒரு புள்ளி தரேன். நடந்து வந்து காட்டுங்க" என்றார் சார்.

நடந்து போனால், எல்லோரும் நின்றது ஒரே இடம்... கடைகளுக்குப் பின்னால் பஸ் ஸ்டாப்புக்குப் போகிற லோரோங், விளக்கில்லாத சந்து.

நாத்தனாரையும் தன் காரிலேயே போய்க் கூட்டி வந்தார். லோரோங்கைப் பார்த்ததும் அவள் கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"நான் முன்னாடி போறேன்கா. என் முதுகை மட்டும் பாத்துட்டு வாங்க" என்றார் சார்.

போனாள். விழுந்த இடத்தைக் கைத்தடியால் தொட்டுக் காட்டினாள். வகுப்புப் பிள்ளைகள் மேப்பில் அங்கே புள்ளி வைத்தார்கள், வகுப்பில் காட்ட லோரோங்கைப் படமும் எடுத்தார்கள்.

மறுவாரமே பேட்ரோல் கார் அங்கே மாறியது. அங்கே விளக்கு போடச் சொல்லித்தான் சார் நகராண்மைக் கழகத்துக்கு நடையாய் நடந்தார். இந்த வாரம்தான் போட்டார்கள்... அவர் பார்க்கவில்லை.

நேற்றுச் சாயந்தரம் நாத்தனார் அந்த வழியாகத் தனியாகவே கோயிலுக்கு வந்தாள். சாரிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தோம்.

போய் வாருங்கள் சார்.

கவிதா, வகுப்பில் நீங்கள் காட்டுகிற அந்த லோரோங் படம் ஒரே இருட்டு. இன்றைக்கு விளக்கு எரிந்ததும், உன் அத்தைப் பாட்டியை அங்கே நிற்க வைத்துப் புதுசாக ஒரு படம் எடுத்து இங்கே, இந்தப் பதிவுக்குக் கீழே போடு.