பொலிஸ் கழித்துவிட்ட ஜீப்

போன வருடம், மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்த காலம். மட்டக்களப்புக்கு வடக்கே, மாங்கேணியிலிருந்து கல்குடாவுக்குத் திரும்பும் வழியில் நடந்தது இது. முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1. பொலிஸ் பாவித்துக் கழித்த ஜீப் ஒன்றை ஏலத்தில் வாங்கினேன்.
2. அதிலிருந்த எழுத்துகளை அழித்தேன். நிறத்தை உடனே மாற்றவில்லை.
3. ஒரு பெண் நடுவீதியில் மறித்து அதில் ஏறினாள்.
4. அவளைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டு போனேன்.
5. அன்று அங்கே ஒரு முறைப்பாடு பதிவானது.
6. அது என் மேல்.

வேலை முடிந்ததும் இப்படி எழுதிக் கொடுத்தே எனக்குப் பழகிவிட்டது. நான் குளிரூட்டிகள் திருத்துபவள். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டுச் சொந்தமாகத் தொழில் செய்கிறேன். பாசிக்குடா ஹோட்டல்களில் ஏசி, கரையோர மீன்வாடிகளில் பெரிய பிறீசர், எங்கே கூப்பிட்டாலும் போவேன். கேஸ் சிலிண்டரையும் கருவிப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு ஓட்டோவில் போய் வந்து கட்டுப்படியாகவில்லை. நம் நாட்டில் வாகனங்கள் என்ன விலைக்குப் போகின்றன என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே ஏலத்துக்குப் போனேன்.

போகும்போது பார்க்க வேண்டியவற்றைக் குறித்து எடுத்துப் போனேன். சேசிஸ் துருப்பிடித்திருக்கிறதா, என்ஜின் குளிரில் எத்தனையாவது தடவை பிடிக்கிறது, புகை என்ன நிறம், ஸ்டியரிங் எவ்வளவு ஆடுகிறது. எல்லாம் பரவாயில்லை. பின்கதவுதான் பூட்டாது. பூட்டின் நாக்கை மாற்றினேன், கதவைத் தாங்கும் பிணைச்சலை நிமிர்த்தினேன், அப்படியும் ஒருவர் வெளியே நின்று தோளால் முட்டினால்தான் மூடும்.

நிறம் கடும் நீலம். எழுத்துகளைச் சுரண்டி எடுத்த பிறகும் அவை இருந்த இடம் வெயில் படாமல் கருமையாகவே நின்றது. கிட்ட வந்து பார்த்தால் வாசிக்கலாம். ஓட்டமாவடியில் பெயின்ட் அடிக்கும் முஸ்லிம் அண்ணரிடம், நாங்கள் நானா என்று கூப்பிடுபவரிடம், கேட்டேன். "பெருநாள் முடியட்டும் தங்கச்சி" என்றார். பெருநாள் முடிந்ததும், "கச்சான் காத்து தூசி தங்கச்சி, அது நிக்கட்டும்" என்றார். வேலைக்கு வாகனம் தேவை. அப்படியே ஓட்டினேன்.

முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஹெல்மெட் போடாத பெடியன்கள் என்னைக் கண்டதும் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஓடினார்கள். மண் ஏற்றிய உழவு இயந்திரங்கள் காட்டுக்குள் இறங்கின. மாங்கேணியில் எனக்கு வழக்கமாக வேலை தரும் வாடிக்காரர் ஒருவர் இருக்கிறார். பேச்சும் வேலையும் ஓயாத மனிதர்.

"புள்ள, நீ அங்கால நிப்பாட்டிப்போட்டு நடந்து வாகா" என்றார் ஒருநாள். "உன்ட ஜீப்பக் கண்டாலே என்ட ஆக்கள் வலையப் போட்டுட்டு ஓடுறானுகள். மறுகா மீனை ஆரு தெரிஞ்சு பிரிக்கிற?"

"ஏன் அண்ணன், அவங்க என்ன களவெடுத்தவங்களா?"

"களவெடுத்தவன் ஏன் ஓடப் போறான்? அவனுக்கு ஆள் இரிக்கு. ஓடுறது ஒண்டும் செய்யாதவன்தான்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அவருடைய பிறீசருக்குக் கேஸ் அடித்துவிட்டு மத்தியானத்துக்கு முன்பே புறப்பட்டேன். வழியில் மதகு ஒன்றைத் தாண்டுகிற இடத்தில் குறுக்குப் பாதை வந்து சேரும். அந்தப் பாதையிலிருந்து ஒரு பெண், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, வீதியின் நடுவில் இரண்டு கையையும் விரித்து நின்றாள். பிரேக்கை அமுக்கிய வேகத்தில் கருவிப் பெட்டி முன்னால் வந்து விழுந்தது.

அவள் என்னிடம் வரவில்லை. நேரே பின்னால் போனாள். கதவைத் திறந்து ஏறி, கைபிடியை மேலே கொஞ்சம் தூக்கி உள்ளே இழுத்தாள். கதவு சத்தமில்லாமல் பூட்டிக்கொண்டது. அதைப் பார்த்தபோதே இவள் இந்த ஜீப்பில் முன்பு ஏறியிருக்கிறாள் என்று எனக்கு விளங்கிவிட்டது.

"எடுங்க மிஸ். அவன் எழும்பி வாறத்துக்குள்ள எடுங்க."

எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தேன். முப்பது வயது இருக்கும். கீழுதடு வெடித்திருந்தது. ஒரு காதில் தோடு இருந்தது. மற்றக் காதை முந்தானையால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"அக்கா, நான் மிஸ் இல்ல. இது பொலிஸ் ஜீப்பும் இல்ல."

"நம்பர் அதானே?"

"நம்பர் அதுதான். நான் ஏலத்தில எடுத்த."

நான் யார் என்று அறிந்தபோது அந்த வீதியில் எல்லாருடைய முகமும் இளகுவதைத்தான் பார்த்திருக்கிறேன். "அட, நீங்களா" என்று சிரிப்பார்கள். இவள் முகம் அப்படியே விழுந்துபோனது. முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப அந்த மிஸ் எங்க?"

பிறகு அவளே சொன்னாள். முன்பொருமுறை கணவன் அடித்தபோது அயலவர் யாரோ அறிவித்து, இதே ஜீப்பில் ஒரு பெண் பொலிஸ் வந்திருக்கிறாள். இவளை ஏற்றிப் போய், கணவனைக் கூப்பிட்டு வெருட்டி, திரும்பக் கொண்டு வந்து விட்டிருக்கிறாள். இறங்கும்போது, "இந்த ஜீப்ட நம்பரைப் பாத்து வைச்சிக்கங்க. கண்டா கையைக் காட்டுங்க. பயப்படாதீங்க" என்றாளாம். அன்றைக்குப் பிறகு அடி நின்றது. சில மாதங்களில் மறுபடியும் தொடங்கியது. இவள் வீதியைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஜீப்பைக் காணவில்லை. அது அப்போது ஏதோ ஒரு முற்றத்தில் ஏலத்துக்காக வெயிலில் கிடந்திருக்கும்.

"போன கிழமையும் கை காட்டின நான். நீங்க நிப்பாட்டல்ல" என்றாள்.

நினைவு வந்தது. மதகடியில் ஒரு பெண் கையை உயர்த்தினாள். யாரோ தெரிந்தவள்போல, என் வாடிக்கையாளர் வீட்டு ஆள்போல என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே நானும் கையை ஆட்டிவிட்டுப் போனேன்.

ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று கேட்டேன். மாட்டேன் என்றாள். போனமுறை அங்கே படியில் விழுந்தேன் என்று சொல்லித்தான் மருந்து கட்டினாளாம். அவளுக்கு வேண்டியது இரண்டு. நடந்ததைப் பொலிஸில் எழுதிக்கொள்ள வேண்டும். அதன் பிறகு, பாலர் பாடசாலையில் இருக்கும் மகளை எடுத்துக்கொண்டு தன் தாயிடம் போக வேண்டும். அங்கே அவன் வரக் கூடாது. "அவன உள்ள போடச் சொல்லி நான் கேக்கல்ல. எழுத்தில இரிக்கோணும், அவ்வளவுதான்" என்றாள்.

எனக்கு அது மிக நியாயமாகப் பட்டது. எழுத்தில் இருப்பதுதான் நடந்தது என்று நம்பிய ஆள் நானும்.

எந்த நிலையம் என்று எழுதப் போவதில்லை. வாயிலில் நின்றவர் ஜீப்பைக் கண்டதும் பழக்கத்தில் தடையை நகர்த்தி வழிவிட்டார். நிறுத்தியதுதான் தாமதம், உள்ளேயிருந்து ஒருவர் கைகளைத் தட்டிக்கொண்டு ஓடி வந்தார். இந்த ஜீப்பை முன்பு ஓட்டிய சாரதி. சிங்களவர்; எங்கள் பகுதியில் கனகாலம் வேலை செய்து தமிழ் பழகியவர்.

"அடே, நம்ம கிழவன் வந்திருக்கு! தங்கச்சிதான் எடுத்ததா? நல்ல ஆள் கையில போயிருக்கு. ரெண்டாவது கியர் இன்னும் குத்துறதா?"

"குத்துது சேர். இவங்களுக்கு..."

"கிளச்சை ரெண்டு தரம் அமத்தணும். பொனற்றைத் திறவுங்க, பார்ப்போம்."

இன்னும் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் டயரை உதைத்துப் பார்த்தார். ஒருவர் என்ன விலைக்கு எடுத்தேன் என்று கேட்டார். ஒருவர் தொலைபேசியில் படம் எடுத்து, மாற்றலாகிப் போன யாருக்கோ அனுப்பினார். சாரதி பொனற்றைத் தடவியபடி என்னிடம் ஒயில் மாற்றுவது பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. அவர் கண்ணில் உண்மையான பாசம் இருந்தது. அது ஜீப்பின் மேல் இருந்தது.

அவள் தானாக இறங்கிப் பின்சில்லுக்குப் பக்கத்தில் நின்றாள். காதிலிருந்து வழிந்த இரத்தம் கழுத்தில் காய்ந்துவிட்டது.

"சேர், இவங்க முறைப்பாடு குடுக்க வந்தவங்க" என்று உரத்துச் சொன்னேன்.

"உள்ளுக்கு இருக்கச் சொல்லுங்க. கூப்பிடுவாங்க."

உள்ளே மர வாங்கில் உட்கார்ந்தோம். பெண்கள் பிரிவில் இருந்த அந்த மிஸ் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிவிட்டாள். அவள் இடத்துக்கு வந்தவள் லீவு. மேசையில் ஒரு சார்ஜன்ட். நல்ல தமிழ் பேசினார். நடந்ததைக் கேட்டுவிட்டு, பேனையைத் தொடாமல் கணவனின் நம்பரைக் கேட்டு வாங்கி அழைத்தார்.

அவன் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு வந்தான். பாலர் பாடசாலையிலிருந்து எடுத்த மகளை மோட்டார் சைக்கிளில் முன்னால் இருத்திக் கொண்டு வந்திருந்தான். பிள்ளை ஓடிப்போய்த் தாயின் மடியில் ஏறியது. அவன் எல்லாரையும் சேர் என்றான். குரலை உயர்த்தவே இல்லை.

"சேர், சின்னப் பிரச்சின. வீட்ட போய்க் கதைச்சிக்கிறம்" என்றவன் என் பக்கம் திரும்பினான். "ஆனா இந்தப் புள்ள ஆரு? பொலிஸ் ஜீப் எண்டு ஏமாத்தி என்ட மனிசியை ஏத்திட்டு வந்திரிக்கா. ஊரே பாத்த. இதுக்கு நான் முறைப்பாடு குடுக்கப்போறன்."

"நானாத்தான் ஏறின சேர்" என்றாள் அவள்.

"உங்களைக் கேக்கல்ல" என்றார் சார்ஜன்ட்.

அவர் முதலில் சிரித்தார். அவன் விடவில்லை. பிறகு அவர் எழுந்து ஜன்னலால் ஜீப்பைப் பார்த்தார். அந்த நிறத்தையும், அழிந்தும் அழியாத எழுத்துகளையும் பார்த்தார். திரும்பி வந்து புத்தகத்தைத் திறந்தார். என் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம். பொலிஸ் வாகனம் என்று பொதுமக்கள் நம்பும் விதத்தில் ஓட்டியது. ஆளை ஏற்றியது. உடனே நிறம் மாற்ற வேண்டும், கூப்பிடும்போது வர வேண்டும். வரிக்கு வரி தெளிவாக எழுதினார். நான் கையொப்பம் வைத்தேன். எழுதியதில் ஒரு பிழையும் இல்லை.

"சேர், இவங்கட முறைப்பாடு?" என்றேன்.

அவர் அவளைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "எழுதலாம் தங்கச்சி. எழுதினா வழக்காகிக் கோட்டுக்குப் போகும். மாசக் கணக்கா இழுபடும். அதுவரைக்கும் பிள்ளை ஆரிட்ட இரிக்கும் எண்டு கோட்டிலதான் சொல்லுவாங்க. யோசிச்சிச் சொல்லுங்க."

அவள் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. கணவன்கூடப் பொறுமையாக நின்றான். கடைசியில், "வேணா சேர்" என்றாள்.

அவர்கள் மூவரும் மோட்டார் சைக்கிளில் ஏறினார்கள். பிள்ளை நடுவில். ஏறுவதற்கு முன், என்னைக் கடந்தபோது அவள் நின்று, "உங்களுக்குத்தான் கரைச்சல் ஆக்கிப்போட்டன் தங்கச்சி" என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் அன்றிரவு தூங்கியிருப்பேன்.

பெயின்ட் நானாவுக்கு இந்த முறை காற்றும் இல்லை, தூசியும் இல்லை. விஷயத்தைக் கேட்டதும் வேறு வேலையை ஒதுக்கிவிட்டு வெள்ளை அடித்துத் தந்தார். எனக்குள்ளே ஒரு கணக்கு இருந்தது. நிறம் மாறினாலும் நம்பர் மாறவில்லை. அவளுக்கு நம்பர் தெரியும். செவ்வாய்க்கிழமைகளில் மதகடியில் வேகத்தைக் குறைத்தேன். சில நாட்கள் பொனற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, என்ஜினில் ஏதோ பார்ப்பதுபோல நின்றேன். குறுக்குப் பாதையால் மாடுகள் வந்தன. ஐஸ் விற்பவர் வந்தார். அவள் வரவில்லை.

வீட்டுக்குப் போய்க் கேட்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். என்னைக் கண்டால் அந்த இரவு அவளுக்கு எப்படி விடியும் என்று யோசித்துத் திரும்பினேன். கடைசியில் வாடிக்காரரிடம்தான் கேட்டேன். அவருக்கு அந்தப் பக்கத்தில் தெரியாத வீடு இல்லை.

"அவளா? அவள் போயிட்டாகா. குவைத்துக்கு."

"ஆர் அனுப்பின?"

"புரிசன்தான். ஏஜன்சிக்காரனை வீட்டுக்கே கூட்டி வந்தவன். புள்ள மாமிக்காரிட்ட."

"அவ விருப்பத்தோட போனாவா அண்ணன்?"

அவர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். "விருப்பமெண்டா என்ன புள்ள? ஒரு பக்கம் அவன்ட கை. ஒரு பக்கம் தெரியாத வீட்டு அடுப்படி. நீ எதை எடுப்பாய்?"

இப்போதைய நிலைமை இதுதான். அவள் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். அவள் அனுப்பும் பணத்தில் அவன் வீட்டுக்கு முன்மதில் கட்டிவிட்டான். பிள்ளை இந்த வருடம் முதலாம் வகுப்பு. என் மேல் எழுதிய முறைப்பாடு இன்னும் மூடப்படவில்லை. இரண்டு தடவை கூப்பிட்டார்கள், போய் வந்தேன். அவள் எழுதச் சொல்லிப் போனதை ஒருவரும் எழுதவில்லை.

ஜீப் நன்றாக ஓடுகிறது. யார் கை காட்டினாலும் இப்போது நிறுத்திவிடுகிறேன். பெரும்பாலும் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள். பழைய எழுத்துகள் வெள்ளைக்கு அடியிலிருந்து வெயிலில் இலேசாகத் தெரியும். அதைக் கண்டு ஏறத் தயங்குகிறவர்களிடம் நான் பொலிஸ் இல்லை என்று சொல்வேன். உடனே சிரித்துக்கொண்டு ஏறுவார்கள். இந்த வீதியில் அதைக் கேட்டு முகம் வாடிப்போனவள் அவள் ஒருத்திதான்.