வேலுமணியின் ஹெரால்டுக்கு எத்தனை பவுண்டு

சங்ககிரி தாலுகாவில் வீசுகிற காற்று முழுவதும் சடையனிடம் கேட்டுக்கொண்டுதான் வீசியது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்றுகூட அவனுடைய பஞ்சர் கடையில் ஒரு நிமிடம் நின்று, "எத்தனை பவுண்டுங்க?" என்று விசாரித்துவிட்டுத்தான் கிழக்கே போகும்.

அப்பேர்ப்பட்ட சடையனுக்கு, எண்பத்து மூன்றாம் வருடக் கோடையில், அந்தக் கேள்விக்கே விடை தெரியாமல் போயிற்று. அதற்காக அவன் ஊரையே திட்டினான்.

திட்டுவது அவனுக்குப் புதிதல்ல. சின்ன வயதிலேயே லாரி டயரைக் கழற்றப் பழகியவன். ஒருநாள் காற்றடிக்கும்போது டயரைப் பிடித்திருக்கும் இரும்பு ரிங்கு தெறித்து இடது கையில் இரண்டு விரல்கள் போயின. அன்றும் அழவில்லை, ரிங்கைத் திட்டினான். "அவரு திட்டாம இருந்தாத்தான் எனக்குப் பயமா இருக்கும்" என்பாள் அவன் மனைவி உண்ணாமலை. தாய் தகப்பன் இல்லாத தம்பி சென்றாயனைத் தோளில் போட்டு வளர்த்தவனும் அவன்தான். அதை யாராவது மெச்சிப் பேசினால் அவர்களுக்கும் திட்டு விழும்.

அந்த வருடம் ஏரி பாளம் பாளமாகக் காய்ந்து கிடந்தது. லாரி முதலாளிகளின் பிள்ளைகள் அதில் கார் பந்தயம் விட்டார்கள். அவர்களில் ஒருவனான வேலுமணி, ஒரு பழைய ஹெரால்டு காரின் கூரையை அறுத்தெறிந்து, பின் சீட்டைப் பிடுங்கி, பாரம் குறையட்டுமென்று மாற்றுச் சக்கரமான ஸ்டெப்னியையும் வீட்டிலேயே போட்டுவிட்டு வந்தான். ஆனால் ஓட்டப்போவது அவனல்ல. அவன் வீட்டு டிரைவர் சென்றாயன்.

போன மாதம் அங்கே ஒரு ஃபியட், மதகுப் பக்கத்து வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்று உருண்டது. காற்றுக் குறைச்சல் என்றார்கள். அதற்கு முந்தைய வாரம் இன்னொரு கார் அதே வளைவில் வழுக்கிக் கரையில் மோதியது. காற்று அதிகம் என்றார்கள்.

லாரி என்றால் சடையனுக்குத் தூக்கத்திலும் தெரியும். இந்தக் காருக்கு எத்தனை பவுண்டு என்று தெரியாது. டயரின் விளிம்பில் சாக்பீஸால் கோடு போட்டுத் தம்பியை ஒரு சுற்று ஓட்டச் சொன்னான். கோடு எதுவரை அழிகிறதோ அதுவரை டயர் மண்ணில் படுகிறது என்று கணக்கு. வண்டி திரும்பி வந்தபோது டயர் முழுக்கச் செம்மண். கோட்டையே காணோம்.

"இது ஏரியா, இல்ல குங்கும டப்பாவா?" என்று சாக்பீஸை வீசி எறிந்தான்.

வேலுமணி சிரித்தான். "முப்பத்தி ரெண்டு வெய்யி சடையா. கல்லாட்டம் இருந்தாத்தான் ஓடும்."

"ஏனுங்க, வளைவுல நீங்களாங்க உக்காந்திருக்கப் போறீங்க? கல்லு மேல ஏறி நீங்களே ஓட்டிப் பாருங்க."

"அப்ப எத்தன? நீயே சொல்லு."

சடையன் டயரை ஓர் உதை உதைத்தான். கோபம் தம்பி மேல் திரும்பியது. "எறங்குடா கீழ. உனக்கென்ன தலையெழுத்தா?"

சென்றாயன் அசையவில்லை. "மொதலாளி சொன்னதயே வெய்யிண்ணா. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். நாளைக்கு உன்னயத் தூக்கிட்டுப் போறப்பவும் இதே கூட்டம் நின்னு பாக்கும்."

கடைசியில் முப்பத்திரண்டே ஏறியது. பம்பு அடித்தவன், சடையனின் கடையில் வேலைக்கு இருந்த மாரியப்பன். இதை எழுதுகிறவனும் அவன்தான். சடையன் வேலிகாத்தான் முள்மர நிழலில் போய், வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். மற்ற கார்கள் உறுமத் தொடங்கின.

கொஞ்ச நேரத்தில் ஹெரால்டின் முன்பக்கம் ஒருபுறமாகச் சாய்ந்து உட்கார்ந்தது.

"முள்ளுதான்" என்றான் வேலுமணி. சடையன் ஓடிவந்து டயரைத் தடவினான். முள் இல்லை. இறுக்கமாக இருந்த வால்வு மூடியைத் திருகிக் கழற்றினான். உள்ளே காற்றை அடைத்து நிறுத்தும் வால்வு பின் இல்லை.

"பொட்டில வேற பின்னு இருக்குதல்ல? போடு" என்று அவசரப்படுத்தினான் வேலுமணி.

சடையன் பெட்டியைத் திறந்து, கையை விட்டு வெகுநேரம் துழாவினான். உள்ளே ஒரு கைப்பிடி அளவு பின்கள் கிடந்தன.

"இல்லீங்க" என்றான்.

வேலுமணி பல்லைக் கடித்துக்கொண்டு பின் வாங்க ஜீப்பில் சங்ககிரிக்குப் பறந்தான். கொடி விழுந்தது, மற்ற கார்கள் கிளம்பின. சென்றாயன் ஸ்டியரிங்கை ஒரு குத்துக் குத்திவிட்டு இறங்கிப் போனான். அந்த முதுகு கூட்டத்தில் மறையும்வரை சடையன் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு திரும்பினான்.

"காத்து போறப்ப மூடிய இறுக்கித் திருகிட்டுப் போவுமா, மாரியப்பா?"

மாரியப்பன் உதட்டைப் பிதுக்கினான்.

"காலைல இருந்து ஓயாத வாயி. இப்ப பேச்சே காணோம். எம்பேர ஒருக்காச் சொல்லு பாக்கலாம்."

மாரியப்பன் தலையை மட்டும் ஆட்டினான்.

சடையன் அவன் தாடையைப் பிடித்தான். விரல்கள் இரும்பாக இறுகின. கண்கள்தான் ஏனோ கலங்கியிருந்தன.

"ஆரக் கேட்டுடா எங் காத்துல கை வெச்ச? அந்தப் பின்ன முழுங்கிக் கிழுங்கித் தொலச்சுறாத. வாயத் தொற."